பதினோராம் கட்டிலின் ஊசி

சுங்கை கெலாடித் தோட்டம்,
சிரம்பான்.
22.8.1999

மதிப்பிற்குரிய சம்பந்தி தங்கராஜு அவர்களின் சமூகத்திற்கு, இராஜமாணிக்கம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் மனைவி வள்ளியம்மாவும், லோபாக்கில் எங்கள் மகள் நீலாவதியும் தங்கள் புதல்வர் மாப்பிள்ளை கணேசமூர்த்தியும் ஆண்டவன் அருளால் நலம். அவ்விடம் தாங்களும், சம்பந்தி அம்மாள் செல்லம்மா அவர்களும், தங்கள் இடது முழங்காலும் நலமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன்.

நிற்க. சென்ற வியாழக்கிழமை தங்கள் ஊர் பகாவிலிருந்து வந்த பஸ்ஸில் ஓர் அம்மாள் வள்ளியம்மாவைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். விசாரித்ததில், தங்கராஜு மகன் செய்த மெஷின் அவருடைய மாமனாருக்கே விஷ ஊசி போட்டுக் கொன்றுவிட்டது என்று பகாவ் பாசார், சந்தை முழுக்கப் பேச்சாம். அடக்கம் எந்தத் தேதி என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, எங்கள் வீட்டுக்காரர் மீன் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று வள்ளியம்மா சொல்லியும் அவர் நம்பவில்லையாம். ஆகவே, இறந்துபோனதாகச் சொல்லப்படும் நானே என் கையால் எழுதுவதுதான் முறை என்று எழுதுகிறேன். என் கையெழுத்தைத் தாங்கள் கல்யாணப் பத்திரிகை உறைகளின் மேல் பார்த்திருக்கிறீர்கள், ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு வேண்டுகோள். கடைசி வரை படித்த பிறகுதான் கோபப்பட வேண்டும். நடுவில் எழுந்து மாப்பிள்ளைக்குப் போன் செய்துவிடக் கூடாது.

நடந்தது இதுதான். இந்த மாத முதல் வாரத்தில் எங்கள் தோட்டத்துக் கோயில் கூட்டத்தில், திருவிழாவுக்கு ஒலிபெருக்கியை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்று பேச்சு வந்தது. முப்பத்தோரு வருடம் இந்தத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன், அதில் பன்னிரண்டு வருடம் பெரிய கிராணி, எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்காதா? அதைச் சற்று உரக்கச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் கோழி ஒன்று இறக்கையை அடித்துக்கொள்வது போல் ஒரு படபடப்பு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரம்பானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதன் பெயர் வேண்டாம், நல்லவர்கள், பாவம். டாக்டர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு வெகு நேரம் கேட்டுவிட்டு, இருதயம் தாளம் தப்பி அடிக்கிறது, பத்து நாள் படுக்க வேண்டும் என்றார். இருதயத்துக்கு ஒரு மாத்திரை, உடம்பில் சேர்ந்த நீரை இறக்க ஒரு மாத்திரை. இந்த நீர் மாத்திரை இருக்கிறதே, அதைப் போட்டால் மனிதன் கட்டிலில் இருக்கும் நேரத்தைவிடக் கழிப்பறையில் இருக்கும் நேரம்தான் அதிகம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எனக்கு இடம் கொடுத்த ஹாலில் பதினாறு கட்டில்கள். மாப்பிள்ளையின் கோலாலம்பூர் கம்பெனி புது மெஷினை முதன்முதலாகப் போட்டுப் பரீட்சை பார்ப்பது அந்த ஹாலில்தான் என்பது படுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நோயாளியின் கையில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். அதில் பெயரும், சூப்பர்மார்க்கெட்டில் பிஸ்கட் பாக்கெட்டின் மேல் இருக்குமே, அந்தக் கறுப்புக் கோடுகளும் இருக்கின்றன. மருந்துப் பையிலும் அதே மாதிரிக் கோடுகள். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், சிவப்பு வெளிச்சம் வரும் ஒரு கருவியைப் பட்டையில் ஒரு தரம், மருந்தில் ஒரு தரம் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே ஆளுக்கு உரியவை என்றால் ‘டிங்’ என்று சத்தம். இல்லையென்றால் சுண்டெலியை மிதித்த மாதிரி ஒரு சத்தம். ஆள் மாறி மருந்து போகக் கூடாது என்பதற்காக இவ்வளவு ஏற்பாடு. எனக்கு இருந்த பெருமையைத் தாங்களே ஊகிக்கலாம். பார்க்க வந்தவர்கள், கூட்டிப் பெருக்க வந்தவர், பக்கத்துக் கட்டிலுக்குத் தவறி வந்த பாதிரியார் எல்லோரிடமும், இது என் மாப்பிள்ளை போட்டது என்று சொன்னேன்.

ஆனால், சம்பந்தி, தங்களிடம் மறைக்கக் கூடாது. மெஷின் நல்லதுதான், அதை வைத்து வேலை செய்வதுதான் பெரும்பாடு. கம்ப்யூட்டர் ஒரு தள்ளுவண்டியின் மேல் இருக்கிறது. அந்த வண்டி இரண்டு கட்டில்களுக்கு நடுவே நுழையாது. கருவியின் ஒயரோ இரண்டு முழம்கூட இல்லை. என் கையோ குச்சி. பட்டை வளைந்து, பாதிக் கோடு மேலேயும் பாதிக் கோடு கீழேயும் போய்விடும். குளித்தால் நனைந்து சுருங்கிவிடும். மிஸ்ஸி சீதாலெட்சுமி கெட்டிக்காரப் பெண், முகம் சுளிக்காதவள். அவள் ஒவ்வொரு வேளையும் என் கையைப் பிடித்து இழுத்து, திருப்பி, துடைத்து, ஐந்து தரம், ஆறு தரம் காட்ட வேண்டியிருந்தது. குளிர்சாதனக் காற்றுக்குப் பயந்து தலை வரை போர்த்திக்கொண்டு அப்போதுதான் கண் அயர்ந்திருப்பேன், போர்வைக்குள் கை விட்டுப் பட்டையைத் தேடுவாள்.

மூன்றாம் நாள் நான் பொறுக்கமாட்டாமல், “ஏம்மா, நான் என்ன மைலோ டின்னா? ஒரு நாளைக்கு நாலு தடவை உருட்டி உருட்டி வெல பார்க்கிறியே!” என்று கேட்டேன். ஹாலே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

“என்ன செய்யறது அங்கிள், பதினாறு பேருக்கும் இப்படித்தான். மருந்து கொடுத்து முடிக்கறதுக்குள்ள அடுத்த வேளை வந்துருது லா.”

“கைக்குப் பதிலா கட்டில்ல ஒட்டிரு. கட்டில் ஓடியா போகப்போகுது?”

விளையாட்டாகத்தான் சொன்னேன். மறுநாள் காலை பார்த்தால், பதினாறு கட்டில்களிலும் கால்மாட்டுக் கம்பியில் ஒவ்வொரு பட்டை ஒட்டியிருந்தது. கையில் இருப்பதற்கு மறு அச்சு. மிஸ்ஸி நடைபாதையில் நின்றபடியே கம்பியில் ஒரு தரம், மருந்தில் ஒரு தரம் காட்டுவாள், டிங். யாரையும் எழுப்ப வேண்டாம், இழுக்க வேண்டாம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. நானே ஆஸ்பத்திரியின் குறிப்புப் புத்தகத்தை வாங்கி, இந்த ஏற்பாடு மிகவும் பாராட்டத்தக்கது என்று அழகான ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து இன்னும் அங்கே இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

இனி சன்னாசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பதினான்காம் கட்டில், ஜன்னல் ஓரம். சன்னாசிக்குப் பதினோராம் கட்டில், கழிப்பறைக்குப் பக்கம். போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி, காலில் புண். காலையில் ஊசி போட்டால்தான் அவருக்குப் பசியாறக் கொடுப்பார்கள். ஆகவே விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, மிஸ்ஸி வரும் வழியையே பார்த்துக்கொண்டிருப்பார். என் நீர் மாத்திரையின் உபத்திரவத்தைப் பார்த்து அவர்தான் ஒரு மத்தியானம் சொன்னார்: “கிராணி ஐயா, அங்கேருந்து இங்க ஓடிவந்து வழுக்கி விழுந்துறாதீங்க. நீங்க இங்க படுத்துக்குங்க. நான் ஜன்னலண்ட போயிடறேன், மகன் காரு வந்தாலும் தெரியும்.”

எவ்வளவு நல்ல மனம்! சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் அவரவர் தலையணை, சீப்பு, பிளாஸ்க் எடுத்துக்கொண்டு கட்டில் மாறிக்கொண்டோம். யாரிடமும் சொல்லவில்லை. கட்டில் மாறுவதற்கு யாரிடம் சொல்ல வேண்டும்? அன்று நான்கு மணிக்கு மாலை வேலைக்கு வந்த வேறொரு மிஸ்ஸி, கம்பியில் காட்டினாள், மருந்தில் காட்டினாள், டிங், கொடுத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு ஓர் அதிசயம். எனக்குக் கழிப்பறை போக வேண்டிய அவசியமே வரவில்லை. கட்டில் ராசியானது என்று நினைத்துக்கொண்டேன். சன்னாசி மட்டும் ஜன்னலிலிருந்து கழிப்பறைக்கு, புண் காலை இழுத்துக்கொண்டு, ஆறு மணிக்குள் ஏழு தரம் போனார். ஏழாவது தரம் திரும்பும்போது என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று, “என்ன கிராணி ஐயா, இது அநியாயமா இருக்கே! உங்க கட்டில்ல படுத்தா உங்க வியாதி ஒட்டிக்குமா?” என்று கேட்டார். நானும் அவரும் சிரித்தோம். படித்தவன் ஒருவனும் அனுபவசாலி ஒருவனும் சேர்ந்து சிரித்தோம், சம்பந்தி! ஒருவருக்கும் புரியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி. நான் தலை வரை போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். கால்மாட்டில் டிங் என்ற சத்தம் கேட்டது. சீதாலெட்சுமி, “கையை நீட்டுங்க அங்கிள், ஊசி,” என்றாள்.

ஊசியா? எனக்கு ஏது ஊசி? ஒரு கணம் சந்தேகம் வந்தது உண்மைதான். ஆனால் டிங் என்று கேட்டதே. மாப்பிள்ளையின் மெஷின் பொய் சொல்லுமா? டாக்டர் புதிதாக எழுதியிருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினேன். அதுவும் பட்டை கட்டாத கை. அவள் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். குளிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது ஜன்னல் பக்கமிருந்து, ரப்பர் மரத்து நிரை முழுதும் கேட்கும்படி முப்பது வருடம் அதட்டிய குரல் எழுந்தது.

“மிஸ்ஸி! நிறுத்து லா! அது என் ஊசி! கிராணிக்கு ஏன் போடறே? எனக்குப் பசிக்குது!”

சீதாலெட்சுமி போர்வையை விலக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். ஊசி முனைக்கும் என் தோலுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் அப்போது போன நிறத்தை என்னால் எழுத முடியாது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, என் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சர்க்கரை இல்லாத எனக்கு, அதுவும் தாளம் தப்பிய இருதயத்தோடு, வெறும் வயிற்றில் அந்த ஊசி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அதை இங்கே எழுதினால் வள்ளியம்மா படித்துவிடுவாள். சன்னாசிக்கு என் நீர் மாத்திரையால் ஒரு கெடுதலும் இல்லை. எனக்கு வந்த அவருடைய மாத்திரை வெறும் வயிற்று எரிச்சலுக்கானது. நான் இன்று மீன் வெட்டுவதற்குக் காரணம் ஒரு மண்டோருடைய பசி. சாவுக்கும் பிழைப்புக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

அரை மணி நேரத்தில் மேட்ரன் வந்தார், நிர்வாகி வந்தார், எல்லோரும் எல்லோரையும் கேள்வி கேட்டார்கள். நிர்வாகி, மெஷினை இன்றைக்கே கழற்றி மாப்பிள்ளையின் கம்பெனிக்கு அனுப்பு என்றார். மேட்ரன், மெஷின் கிடக்கட்டும், முதலில் இந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்றார். நோயாளிகளைக் கட்டில் மாற்றியது யார் என்று கேட்டார். சீதாலெட்சுமிக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினாள்.

இந்த இடத்தை எழுதத்தான் இரண்டு நாளாகப் பேனாவைப் பிடித்துப் பிடித்து வைத்தேன். நான் வாயைத் திறக்கவில்லை, சம்பந்தி. பெரிய கிராணி, விதிமுறை தெரிந்தவர், என்று அங்கே எனக்கு ஒரு பெயர் இருந்தது. கட்டிலில் ஒட்டு என்று சொன்னதும் நான், பாராட்டி எழுதியதும் நான், சொல்லாமல் மாறிப் படுத்ததும் நான். போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டு நோயாளியைப் போலப் படுத்திருந்தேன். மத்தியானம் கஞ்சி வந்தது, அப்படியே மூடி வைத்துவிட்டேன். சன்னாசி மெல்ல நடந்து வந்து பக்கத்தில் நின்றார்.

“கிராணி ஐயா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?”

“என்னத்தை?”

“அந்தப் புள்ள அங்க ஸ்டோர் ரூம்ல உக்காந்து அழுவுது.”

நான் எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல், மேட்ரன் அறைக்குப் போனேன். உள்ளே மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். லோபாக் வீட்டிலிருந்து சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்; முகத்தில் ரத்தமே இல்லை. நான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பாதி ஆங்கிலம், பாதி மலாய், அழுகை வந்த இடத்தில் தமிழ். உடனே மாப்பிள்ளை, “சீதாலெட்சுமியைக் கூப்பிடுங்க, அவங்ககிட்ட நான் பேசணும்,” என்றார்.

தங்கள் புதல்வரைப் பற்றித் தாங்கள் பெருமைப்பட வேண்டிய இடம் இது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் யார் செய்தது என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்டார்.

“கையில காட்டாம கம்பியில காட்டினது ஏன்? பயப்படாம சொல்லுங்க.”

“சார், உங்க ஒயரு வண்டியோட நின்னுருது. கை வரைக்கும் வராது. நனைஞ்ச பட்டைய உங்க மெஷின் படிக்காது. நான் ஒருத்தி, அவங்க பதினாறு பேரு. எனக்கு ரெண்டு கைதான் சார் இருக்கு.”

மாப்பிள்ளை, “மெஷினை நாங்க ஆபீஸ்ல மேசை மேல வச்சு, காஞ்ச பட்டையிலதான் சோதிச்சோம். தப்பு எங்க பக்கம்,” என்றார். ஒரு கம்பெனிக்காரர் இப்படிச் சொல்லி நான் என் ஆயுளில் கேட்டதில்லை. மேட்ரனும் கேட்டதில்லை போலிருக்கிறது. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். மூன்று நாள் அவகாசம் கொடுங்கள், அதற்குப் பிறகும் சரிவரவில்லையென்றால் மெஷினை நானே தூக்கிக்கொண்டு போகிறேன் என்று மாப்பிள்ளை கேட்டார், கொடுத்தார்கள்.

அந்த மூன்று நாளும் அவர் ஹாலில்தான் இருந்தார். முதல் வேலையாகப் பதினாறு கம்பிகளிலும் ஒட்டியிருந்த பட்டைகளைக் குனிந்து குனிந்து தம் கையாலேயே பிளேடால் சுரண்டி எடுத்தார். அதன் பிறகு சீதாலெட்சுமியோடு கூடவே வண்டியைத் தள்ளிக்கொண்டு வேளை தவறாமல் வந்தார். ஒரு வேளை மருந்தை நானே கொடுத்துப் பார்க்கிறேன் என்று கருவியை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “மாமா, கையைத் திருப்புங்க.” திருப்பினேன். “இந்தப் பக்கம் மாமா.” அந்தப் பக்கம் திருப்பினேன். எட்டாவது தரம்தான் டிங் வந்தது. மாப்பிள்ளைக்கு நெற்றி வியர்த்து, கண்ணாடி மூக்கில் சறுக்கி விழுந்தது. பதினாறு கட்டில்களும் கை தட்டின. சன்னாசி, “தம்பி, இந்த வேகத்துல போனா நான் பசியாறறது ராத்திரிக்குத்தான் லா,” என்றார். மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். நான் அவரைக் கல்யாண மேடையில்கூட அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

இப்போது ஒயர் நீண்ட சுருள் ஒயர். இழுத்தால் ஜன்னல் வரை வருகிறது. வண்டி ஒடுங்கிய வண்டி. கட்டில்களுக்கு நடுவே நுழைகிறது. பட்டையில் ஒரு பெரிய கோட்டுக்குப் பதில் அதே கோடுகளைச் சிறியதாக ஐந்து இடத்தில் சுற்றிலும் அச்சடித்து, மேலே தண்ணீர் புகாத மெல்லிய தாள் ஒட்டியிருக்கிறார்கள். கை எப்படித் திரும்பினாலும் ஏதாவது ஒன்று வெளிச்சத்துக்குத் தெரிகிறது. டிங் வந்தாலும் மிஸ்ஸி போர்வையை விலக்கி, முகத்தைப் பார்த்து, பெயர் என்னவென்று கேட்டு, நாம் சொன்ன பிறகுதான் கொடுக்க வேண்டும். இந்த ஒன்றைச் சேர்க்கச் சொன்னவள் சீதாலெட்சுமி. அவகாசம் முடிந்த மறுநாள் மேட்ரனே நின்று பார்த்துவிட்டு, மெஷின் இருக்கட்டும் என்றார். சீதாலெட்சுமியும் அதே ஹாலில் அதே வேலையில் இருக்கிறாள். அன்று சாயங்காலம் அவள் தள்ளுவண்டியை ஓட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தபோது நானும் சன்னாசியும் போர்வையை நாங்களே விலக்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல எழுந்து உட்கார்ந்து, கையை நீட்டினோம்.

என்னைச் சென்ற திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருதயம் ஒழுங்காக அடிக்கிறது. மனமும் லேசாக இருக்கிறது. இந்த அனுபவத்துக்குப் பிறகு மருந்து விஷயத்தில் நான் மிகவும் ஜாக்கிரதையான மனிதனாகிவிட்டேன். என்ன மாத்திரை, யாருக்கு, எத்தனை மணிக்கு, எதற்கு என்று கேட்காமல் ஒரு கற்கண்டைக்கூட வாயில் போடுவதில்லை. வீட்டில் உள்ளவர்களுக்கும் தினமும் இதைப் பற்றி அரை மணி நேரம் சொல்லிவருகிறேன். தங்கள் முழங்கால் மருந்தையும் தாங்கள் பெயர் பார்த்தே சாப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே பகாவ் பாசாரில் யார் கேட்டாலும், மாமனார் சாகவில்லை, மாப்பிள்ளை கொல்லவில்லை, மெஷின் வேலை செய்கிறது என்று தாங்கள் தைரியமாகச் சொல்லலாம். மாப்பிள்ளையைத் திட்ட வேண்டாம். அந்த வாரத்தில் அவர் இளைத்துவிட்டார். சம்பந்தி அம்மாள் வரும்போது அவருக்குப் பிடித்த முறுக்கு கொண்டுவந்தால் நல்லது. தீபாவளிக்கு இரு குடும்பமும் சி ரூசா கடற்கரைக்கு ஒன்றாகப் போக வேண்டும் என்பது நீலாவதியின் ஆசை. பெரியவர்களுக்கு என் வணக்கமும், சிறியவர்களுக்கு எங்கள் ஆசியும். தங்கள் வீட்டில் எல்லா விளக்கும் நன்றாக எரியட்டும்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவாத சம்பந்தி,
இராஜமாணிக்கம்

பி.கு.: இன்று 25ஆம் தேதி. கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு சிறு சங்கதி நடந்துவிட்டது. பயப்பட வேண்டாம், நலமாகவே இருக்கிறேன். வள்ளியம்மாவுக்கும் கொஞ்சம் சர்க்கரை உண்டு. அவள் மாத்திரையும் என் மாத்திரையும் குளிர்ப்பெட்டியின் மேல் ஒரே மாதிரிச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் இருந்தன. நேற்று முன்தினம் காலை, மருந்தில் ஜாக்கிரதை என்பதைப் பற்றி அவளுக்கு விளக்கிக்கொண்டே, மூக்குக்கண்ணாடி போடாமல், அவளுடையதில் இரண்டை எடுத்து நானே விழுங்கிவிட்டேன். பத்து மணிக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கியது. மாப்பிள்ளைதான் காரில் அள்ளிக்கொண்டு வந்தார். இப்போது அதே ஆஸ்பத்திரி, அதே ஹாலிலிருந்து எழுதுகிறேன். நாளை அனுப்பிவிடுவார்களாம். சீதாலெட்சுமி புதுப் பட்டை கட்டி, முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு, முதல் தரத்திலேயே டிங் வரவழைத்துவிட்டு, “அங்கிள், வீட்ல உங்களை யாரு ஸ்கேன் பண்ணினது?” என்றாள். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது. ஆகவே தாங்கள் தயவுசெய்து, மேலே என் ஜாக்கிரதையைப் பற்றி எழுதியிருக்கும் வரிகளை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு, பிறகு சம்பந்தி அம்மாளிடம் படிக்கக் கொடுக்கவும்.